துணிமூட்டையோடு பாயாகும்புக்கு

சுமத்ரா தீவின் புக்கிட்டிங்கி ஊர்ச் சந்தையில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. சோற்றுக்கடைக்காரி ரோஸ்மானியார், கள்ளக்காதலி வீட்டில் பிடிபட்ட புருஷனைக் குழம்புக் கரண்டியால் ஒரே போடு போட்டு நாலு பல்லை உதிர்த்துவிட்டாளாம். கரண்டி நிஜம். அது ஒரு கை நீளம் இருக்கும். மீதிக் கதை வேறு.

புருஷன் ஷப்ரிலுக்கு நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு நெஞ்சு வலித்தது. இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார், கிராம்பு சிகரெட்டை விடச் சொன்னார். விட்டான். கூடவே பெண்டாட்டி வைக்கும் மாட்டுக்கால் குழம்பையும், வாய்விட்டுச் சிரிப்பதையும் விட்டான். செவ்வாய்தோறும் வேலை இருக்கிறதென்று பக்கத்து ஊரான பாயாகும்புக்கு பஸ் ஏறினான். திரும்பி வந்தால் வாயில் கிராம்பு மணக்கும்.

சிகரெட்டை விட்டவன் வாயில் கிராம்பு எப்படி மணக்கும்? புகைக்கிறவள் எவளோ பக்கத்தில் இருக்கிறாள் என்று கணக்குப் போட்டாள் ரோஸ்மானியார்.

பக்கத்துக் கடை நெலி எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தாள். "அக்கா, உன் வீட்டுக்காரர் பாயாகும்புல உக்காந்து கஞ்சி குடிக்கிறாரு. என் கண்ணால பாத்தேன்."

"கஞ்சியா! என் குழம்புக்கு ஊரே வரிசைல நிக்குது, இவருக்குக் கஞ்சி கேக்குதோ?"

அதற்குப் பிறகு ரோஸ்மானியாருக்குக் கடையில் கை ஓடவில்லை. யாரவள்? கஞ்சி மாதிரியே வெளுத்த தோலோ? இடுப்பு இருக்கிறதா இல்லையா என்று தேடவேண்டியவளோ?

அந்த ஊர் வழக்கத்தில் வீடு பெண்ணுடையது. துணியோடு வந்த மாப்பிள்ளை, விரட்டினால் துணியோடு போகவேண்டியதுதான். அடுத்த செவ்வாய் அவன் கைலி, சட்டை, தொப்பி எல்லாவற்றையும் மூட்டை கட்டினாள். நெஞ்சு மாத்திரையை வைக்கவில்லை. பிறகு வைத்தாள். அங்கே போய்ச் செத்தால், முன்வரிசையில் உட்கார்ந்து அழுவது அந்த இன்னொருத்தியாகிவிடுமே!

பின்னாலேயே பஸ் ஏறினாள். பச்சைக் கதவுள்ள ஒரு வீட்டுக்குள் ஷப்ரில் நுழைந்தான். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு இளம் குரல்: "இன்னும் நல்லா வாயைத் தொறங்க."

கதவைத் தள்ளினாள். "இந்தாடி மூட்டை! நீயே வச்சுக்க!"

வெள்ளைக் கோட்டுப் பெண் குறடும் கையுமாகத் திரும்பினாள். நாற்காலியில் ஷப்ரில், திறந்த வாய் திறந்தபடி.

"துணி எதுக்குக்கா? பல்லு புடுங்க வர்றவங்களை நாங்க தங்க வைக்கிறதில்லையே."

"பல்லா?"

"ரத்தத்துல அழற்சி அளவு ஏறியிருக்கு. உடம்புல எங்கயோ நெருப்பு கனன்றுகிட்டே இருந்தா அது இதயக் குழாய்க்கும் ஆகாது. வாயைப் பாருங்கன்னு இதய டாக்டர்தான் அனுப்பினாரு. ஈறு பூரா சீழு. கிராம்புத் தைலம் தடவித்தான் அனுப்புறேன்."

"வீட்ல சொன்னா என்னவாம்?" என்று புருஷனைப் பார்த்தாள்.

மரத்த நாக்கோடு அவன் குழறினான். "உங்கம்மா முன்னாடி மாட்டெலும்பைக் கடிச்சு ஒடச்சுக் காட்டித்தானே உன்னைக் கட்டினேன். பொக்கை வாயனை வீட்ல வச்சுக்குவீங்களா?"

ரோஸ்மானியார் மூட்டையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு டாக்டரை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லக்கா."

அதன்பின் செவ்வாய்தோறும் கடைக்கு விடுமுறை. நாற்காலியை ஒட்டி முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். அழற்சி அளவு இறங்கியது. மாத்திரையை மட்டும் விடக்கூடாதென்றார் இதய டாக்டர். டாக்டரம்மாவுக்குக் கல்யாணமான பிறகுதான் இவளுக்கு மூச்சு விட முடிந்தது.

போன வாரம் நெலி மெல்லக் கேட்டாள். "அக்கா, நாலு பல்லும் ஒரே அடியிலயா?"

"நாலு இல்லடி, அஞ்சு. புடுங்கினது டாக்டர். நான் அடிச்சிருந்தா பல்லோட நின்னிருக்குமா?"