டிக்கியில் இரண்டு கைகள்

தண்ணீர்க் குழாயை வண்டி கழுவுகிற அண்ணன் என் காரின் பின்பக்கம் திருப்பியபோதுதான் எனக்கு உறைத்தது. "அண்ணே, நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் டிக்கிக்கும் குழாய்க்கும் நடுவில் நின்றுவிட்டேன். சுடிதார் பாதி நனைந்துபோயிற்று. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற சாலையில் இருக்கும் வாட்டர் சர்வீஸ் கடை அது. அண்ணன் மோட்டாரை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா, கழுவத்தான வண்டிய இட்டாந்த? இப்ப கழுவாதன்ற. கார கழுவறதா, உன்ன கழுவறதா?" டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். வாய் கோணியது, சிரிப்பு வரவில்லை.

கருநீலக் கார். ஏரிக்கரைச் செம்மண் படிந்தால் அதில் விரல் வைத்த இடமெல்லாம் அப்படியே தெரியும். டிக்கியின் மேல் இரண்டு உள்ளங்கைகள் தெரிந்தன. பத்து விரலும் நன்றாக விரிந்து, அழுத்தி ஊன்றிய கைகள். வலது சுண்டுவிரல் மட்டும் பாதிதான் பதிந்திருந்தது. கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்டு மடங்கிப்போன விரல் அது. என் அத்தையின் கைகள். அவள் செத்து இருபது நாள் ஆகிறது. பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டதால், "வண்டி தூசியா கீது, போய் கழுவிக்கினு வா பாப்பா" என்று நைனாதான் அனுப்பினார். குழாய்க்கு முன்னால் நனைந்துகொண்டு நின்ற அந்த நொடியில் தோன்றியது இதுதான்: இந்தக் கைகளை நைனா இன்னும் பார்க்கவில்லை. அவர் பார்க்கவேண்டும். இவை ஏன் இங்கே இருக்கின்றன என்பதை நான் அவருக்குச் சொல்லவேண்டும். அத்தைக்குச் சொல்லத் தவறிய ஒரு வாக்கியம் இன்னும் என்னிடமே இருக்கிறது. அதையாவது அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அத்தை நைனாவுக்கு அக்கா, ஒன்பது வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நைனாவைத் தூக்கி வளர்த்தாள், பிறகு என்னை வளர்த்தாள். சாலவாக்கம் பக்கத்தில் ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் காலனியில் நிலம் என்று யாருக்கும் ஒரு அடி கிடையாது. எல்லாருமே பெரிய வீட்டு நஞ்சையில் நட்டு, களை பறித்து, அறுத்தவர்கள்தான். அந்தப் பெரிய வீட்டில் அறுபதுகளில் ஒரு கார் இருந்தது. சுற்று வட்டாரத்துக்கே ஒரே கார். கறுப்பு நிறம், யானைப் பிட்டம் மாதிரி உருண்ட பின்பக்கம். முன்பக்கத்தைப் பற்றி அத்தை அதிகம் சொன்னதில்லை, ஏனென்றால் அவள் அந்தக் காரைப் பின்னாலிருந்துதான் அறிவாள்.

சொந்தக் கார் வைத்திருந்த குடும்பங்களின் பிள்ளைகள் அந்தக் காலத்தை நினைத்தால் ஜன்னல் ஓர சீட்டை நினைப்பார்கள், முகத்தில் அடித்த காற்றை நினைப்பார்கள். எங்கள் அத்தைக்கு நினைவில் நின்றது புகை. அந்தக் காருக்கு பேட்டரி எப்போதும் சோர்ந்தே இருக்கும். முன்னால் கம்பி போட்டுச் சுற்றிக் கிளப்பலாம்தான், ஆனால் அது ஒரு தடவை டிரைவரின் மணிக்கட்டில் திருப்பி உதைத்துவிட்டதாம். அதற்குப் பிறகு அவர் கம்பியைத் தொடவே இல்லை. காலையில் பெரிய வீட்டு வாசலில் நின்று ஒரு விசில் அடிப்பார். காலனிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஓடுவார்கள். பெரிய வீட்டிலிருந்து ஏரிக்கரை முக்குவரை தள்ளவேண்டும். கிளம்பிவிட்டால் ஆளுக்கு ஒரு வெல்லக் கட்டி. "டிக்கில மட்டும் கைய வைங்க. எவனாவது கதவாண்ட வந்தீங்க, கைய ஒடிச்சிருவேன்" என்பாராம் டிரைவர். அது அந்தக் காரின் சட்டம். உட்கார்ந்து போகிறவர்கள் கதவைத் தொடுவார்கள், தள்ளுகிறவர்கள் டிக்கியைத் தொடுவார்கள்.

அத்தை இதையெல்லாம் சிரிக்கச் சிரிக்கத்தான் சொல்வாள். காருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் 'சோம்பேறி'. "இன்னிக்கி சோம்பேறி வெள்ளப் புகை வுடுது, ரெண்டு தள்ளுதான். கறுப்பா வுட்டா முக்குவரிக்கும் போவணும்" என்று ஏழு வயதிலேயே கணித்துவிடுவாளாம். மெக்கானிக்கல் படித்த எனக்கு இதைக் கேட்கக் கேட்கப் பொறாமையாக இருக்கும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அத்தை கடைசிவரை கைநாட்டுதான் வைத்தாள். ஆனால் ஒரு குச்சி கிடைத்தால் அந்தக் காரின் நம்பர் பிளேட்டை அச்சு அசலாகத் தரையில் எழுதுவாள். "கண்ணு முன்னாடியே இருந்திச்சிடி. தலைய குனிஞ்சி தள்ளச் சொல்லோ வேற இன்னாத்த பாக்கறது?"

இன்னொன்றும் சொல்வாள், அதையும் சிரிப்பாகத்தான். "உன் நைனா இன்னா சாதாரண ஆளா? கார்ல பொறந்தவன்டி!" உண்மைதான். ஐப்பசியின் முதல் மழை பெய்த ஒரு காலை என் ஆயாவுக்கு, அதாவது நைனாவின் அம்மாவுக்கு, வலி எடுத்து, குழந்தை இறங்காமல் நின்றுவிட்டது. பெரிய வீட்டம்மாதான் காரை எடுக்கச் சொன்னாராம். காஞ்சிபுரம் போகிற வழியில் பின் சீட்டிலேயே நைனா பிறந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் ஆயா போய்விட்டாள். கதையின் முதல் பாதியை அத்தை சொல்வாள். இரண்டாம் பாதியை ஊர் சொன்னது. "ஆத்தாள முழுங்கிட்டுப் பொறந்தவன்" என்று. நைனா அதைக் கேட்டே வளர்ந்தவர். எனக்குப் பத்து வயதில், ஐப்பசி மாதத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, உண்டியல் காசில் அவருக்குக் கேக் வாங்கி வந்தேன். அவர் அதைப் பார்த்தார், சட்டையை மாட்டினார், வெளியே போய்விட்டார். மறுநாள்தான் வந்தார். அத்தை என்னைத் திட்டவில்லை. கேக்கைத் துண்டு போட்டுக் காலனிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். அவள் ஒரு துண்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

போன வருஷம் ஒரகடத்தில் வேலையில் நிலைத்து, பழைய கார் ஒன்று வாங்கினேன். எதையும் யோசிப்பதற்கு முன்னால் செய்துவிடுகிற பெண் நான். அத்தையை முன் சீட்டில் உட்காரவைத்து ஊரைச் சுற்றவேண்டும் என்று ஒரே வேகம். அவளோ வண்டி ஓடத் தொடங்கும்வரை ஏறமாட்டாள். நேராகப் பின்னால் போய் டிக்கியில் கை வைத்து நின்றுகொள்வாள். "ஸ்டார்ட் ஆவட்டும், அப்பறம் ஏர்றேன்." இந்தக் காரைத் தள்ள வேண்டாம், பொத்தானை அழுத்தினால் போதும் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "ஆவட்டும்டி, தெரியும்" என்பாள், கையை எடுக்கமாட்டாள். எஞ்சின் சத்தம் கேட்ட பிறகுதான் சுற்றி வந்து கதவைத் திறப்பாள். காலனியே பார்த்துச் சிரிக்கும். ஒருநாள் நான் அதை மறைந்திருந்து வீடியோ எடுத்து, பாட்டுப் போட்டு, இணையத்தில் ஏற்றியும் விட்டேன். நிறைய பேர் சிரித்தார்கள். அதை இப்போது அழித்துவிட்டேன். அழித்தால் மட்டும் என்ன ஆகிவிடும்?

கடைசி நாள் காலை ஏழுக்கு ஷிப்ட். நான் ஏற்கெனவே தாமதம். வண்டியைப் பின்னால் எடுக்கவேண்டும், கண்ணாடியில் பார்த்தால் அத்தை டிக்கியில் கை ஊன்றி நிற்கிறாள். அன்று அவள் எங்கும் வருகிறவளும் இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இறங்கிப் போய், "அத்தை, உனக்கு இன்னா பிரச்சினை? ரிவர்ஸ் எடுக்கணும், மேல ஏத்திடப் போறேன்!" என்று கத்தினேன்.

அவள் கையை எடுக்கவில்லை. டிக்கியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கி தள்ளனது பத்தலடி."

எந்த அன்றைக்கு என்று எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். அம்பது வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாததை, ஷிப்டுக்கு ஓடுகிற என்னிடம், நின்ற இடத்திலேயே சொன்னாள். நைனா பிறந்த அன்று ஆண்களெல்லாம் ஏரிக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருந்தார்கள். மற்ற பிள்ளைகளும் இல்லை. தள்ள இருந்தது அவளும் இரண்டு கிழவிகளும்தான். "அம்மா உள்ள கத்திக்கினு கீது. டிரைவரு பதறிப்போய் இத்த இஸ்க்குறாரு, அத்த இஸ்க்குறாரு. ஒருவாட்டி தள்னோம், ஆவல. திருப்பி தள்னோம், ஆவல. பெட்ரோல் வாசன மூக்க அடைக்குது. அவுரு தலைய நீட்டி, தம் புடிச்சித் தள்ளுடி, சோறு துன்னல? அப்டின்னு கத்துறாரு. மூணாந் தடவ முக்காண்ட போய்த்தான் புடிச்சிக்கிச்சி. புடிச்சதும் நிக்காம போய்டுச்சி. வண்டி பூட்டா தள்றவங்கள ஏத்திக்கினா போவும்? பின்னாடி கண்ணாடில அம்மா கை மட்டும் தெரிஞ்சிச்சி. சீட்ட புடிச்சிக்கினு இருந்த கை. பச்ச வளையலு." ஊன்றிய கையை இன்னும் அழுத்தினாள். "அந்த ரெண்டு தடவையும் நான் சரியா தள்ளியிருந்தா, அம்மா இருந்திருக்கும். உன் நைனாவ ஊரே வாயில போட்டு மென்னுச்சி. அவன் இன்னாடி பண்ணான், பச்சப்புள்ள? தள்ளனவ நான்தான். எந்த மூஞ்ச வச்சிக்கினு அவனான்ட சொல்றது?"

இங்கேதான் என் தவறு. அவள் பெட்ரோல் வாசனை என்று சொன்னபோதே என் மூளை விடையைக் கண்டுபிடித்துவிட்டது. அந்தக் காலக் கார்களில் சோக் என்று ஒரு குமிழ் உண்டு. பதற்றத்தில் அதைத் தேவைக்கு மேல் இழுத்தால் பெட்ரோல் எஞ்சினுக்குள் வெள்ளமாகப் பாய்ந்து தீப்பொறியை நனைத்துவிடும். மூக்கை அடைக்கும் வாசனை அதற்கு அடையாளம். அப்புறம் பத்து ஆண்கள் சேர்ந்து தள்ளினாலும் வண்டி கிளம்பாது. உள்ளே காய்ந்தால்தான் கிளம்பும். மூன்றாம் முறை அது கிளம்பியதும் அதனால்தான். 'அத்தை, உன் தள்ளலில் குறை இல்லை, வண்டி பெட்ரோலில் முழுகியிருந்தது.' ஒரே ஒரு வாக்கியம். நாலு வருஷம் படித்தது முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. ஆனால் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "அதெல்லாம் இல்ல அத்தை, அது வேற. சாயங்காலம் வந்து வெளக்கமா சொல்றேன்" என்றேன். அவள் உடனே நகர்ந்து வழிவிட்டாள். "போ போ, டைம் ஆவுதுன்ற." திரும்பும்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தேன், புடவைத் தலைப்பால் உள்ளங்கைச் செம்மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் கம்பெனியில் உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஷிப்ட் முடிந்து எடுத்தபோது நைனாவிடமிருந்து வரிசையாக அழைப்புகள். நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில், மதியம் புளியமர நிழலில் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வீடு வந்துசேரும்வரை அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினேன். வந்து அவள் காதருகிலும் சொன்னேன். சுற்றியிருந்தவர்கள் நான் ஏதோ பிதற்றுவதாக நினைத்து என்னைத் தூக்கிப்போய் ஓரமாக உட்காரவைத்தார்கள். அதோடு வண்டியை டிக்கி உள்பக்கம் இருக்கக் கொட்டகையில் விட்டுவிட்டேன், வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில்தான் போனேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு, நைனா அத்தையின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "ஆத்தாளயும் முழுங்கனேன், அக்கா வாழ்க்கையையும் முழுங்கனேன். ஒருநாளு ஒரு வார்த்த திட்டலயே. மனசுல இன்னா இருந்திச்சோ." ஒரே வீட்டில், ஒரே சட்டிச் சோறு தின்றுகொண்டு, இந்த இருவரும் இத்தனை வருஷம் இப்படியா இருந்தார்கள்! மனசில் என்ன இருந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நான், அடுத்த அறையில் இருந்தேன். அன்றும் வாய் திறக்கவில்லை. எப்போதும் வாயாடுகிற எனக்கு, தேவைப்படுகிற நேரத்தில் மட்டும் பேச்சு வருவதில்லை.

வாட்டர் சர்வீஸ் அண்ணன் கடைசியில் முன்பக்கத்தை மட்டும் கழுவிக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றுவிட்டார். "பாதி கழுவனதுக்கு இன்னாத்த வாங்கறது? பின்னாடி இன்னாம்மா அது, சாமி கையா?" என்று கேட்டார். நான் வண்டியில் ஏறிக் கிளம்பினேன். ஏரிக்கரை முக்கில் வேண்டுமென்றே மெதுவாகத் திரும்பினேன். மேற்கே மழை கட்டிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் நைனா பார்த்தார். "இன்னா பாப்பா, பாதிதான் கழுவிக்கீது? கரண்டு பூட்ச்சா?" "ஆமா நைனா" என்று சொல்லி, வண்டியைத் தகரக் கொட்டகைக்குள், சாரல் படாத அளவுக்கு முகத்தை நன்றாக உள்ளே விட்டு, டிக்கி வாசலைப் பார்க்க நிறுத்தினேன். இதை எழுதும்போது தகரத்தில் தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. ஐப்பசி முதல் மழை. நைனாவின் பிறந்தநாளுக்குத் தேதி கிடையாது, இந்த மழைதான்.

நாளைக் காலை ஷிப்டுக்குப் போகப் போவதில்லை. நைனாவைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். கைகளைக் காட்டவேண்டும். முதலில் பெட்ரோல் வாசனையைச் சொல்லுவேன், பிறகு பச்சை வளையலை. கடைசியாக, "அவன் இன்னாடி பண்ணான், பச்சப்புள்ள" என்று அவள் சொன்னதை, அவள் சொன்ன மாதிரியே சொல்லவேண்டும். குரல் உடையாமல் சொல்ல முடியுமா தெரியவில்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாலும் பின்னாலேயே போய்ச் சொல்லுவேன். அதற்கப்புறம் டிக்கியைக் கழுவுவதா, அப்படியே விடுவதா என்று அவர் முடிவு செய்யட்டும். ஒரு வாளித் தண்ணீரும் துணியும் எடுத்து வைத்திருக்கிறேன்.