மிஸ் வெளியாலை போனால் சொல்லுறன்

தேவகுமாரி மிஸ்ஸுக்கு அந்த நிறுவனம் கொடுத்த பதவி ‘குடும்ப இணைப்பாளர்’. ஒரு ரப்லெட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போக வேண்டும். அதை மேசையில் நிமிர்த்தி வைக்க வேண்டும். மெல்பேர்ணில் இருக்கிற உளவளத்துணையாளர் திரையில் தோன்றியதும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். பதினெட்டு வருசம் இதே தொழிலைச் சனத்தோடு தரையில் குந்தியிருந்து செய்த ஒருவர் இதற்கு எதற்கு என்று நான் ஒருநாள் கேட்டேன்.

“ரப்லெட்டைப் பிடிக்க ஒரு கை வேணும். கை மட்டும் தனியச் சம்பளத்துக்கு வராதெல்லோ, பிள்ளை” என்றார்.

நானும் அங்கேதான் வேலை செய்தேன், தெல்லிப்பழையில் ஒரு வாடகை வீட்டின் மேல்மாடியில். குடும்பங்கள் நிரப்பித் தரும் படிவங்களைக் கணினியில் பதிவது என் வேலை. ஆகவே இங்கே நான் யாரையாவது பழித்தால் அதில் எனக்கும் பங்கு உண்டு.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் சனம் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றதை அவுஸ்திரேலியாவிலிருந்து பார்த்தவர்கள் தொடங்கிய திட்டம் அது. இனி ஒருவரும் கிளினிக்குக்குப் போக மாட்டார்கள், கிளினிக்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். கூட்டங்கள் கூடி, அறிக்கைகள் எழுதி, சின்னம் வரைந்து முடிய ஒரு வருசம் போனது. அதற்குள் பெற்றோல் தாராளமாக வந்துவிட்டது. அதனாலென்ன, சின்னம் வரைந்தாயிற்றே.

படிவத்தை யார் தமிழாக்கினார்களோ தெரியாது. “கடந்த இரண்டு கிழமைகளில் நீங்கள் எத்தனை நாள் கீழே இருப்பதாக உணர்ந்தீர்கள்?” என்று ஒரு கேள்வி. அச்சுவேலிப் பக்கத்துக் கிழவி ஒருத்தி, கதிரையில் இருந்தால் கால் வீங்குகிறது, தான் எப்போதும் கீழேதான் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். ‘ஏறக்குறைய ஒவ்வொரு நாளும்’ என்ற கட்டத்தில் புள்ளடி விழுந்தது. கிழவிக்குக் கடும் மனச்சோர்வு என்று கணினி சொன்னது. மூன்று மாதத்தின் பின் மகன் உயரம் குறைந்த வாங்கு ஒன்று செய்து கொடுக்க, கிழவி அதில் இருக்கத் தொடங்கினார். அவர் குணமாகிவிட்டார் என்று ஆண்டறிக்கையில் வந்தது. அதைப் பதிந்தது நான்தான்.

திரையில் வருகிறவன் றொகான். இருபத்தொன்பது வயது. மெல்பேர்ணில் பிறந்து, சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவன். ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் வைத்துச் சரிபார்த்து வெளியே விடுவான். தேவகுமாரி மிஸ்ஸை “அன்ரி” என்பான். அவருக்கு அது அறவே பிடிக்காது. எல்லா வீட்டிலும் அவன் முதலில் செய்விப்பது மூச்சுப் பயிற்சி. நாலு எண்ணும்வரை உள்ளே, நாலு எண்ணும்வரை வெளியே. “வெங்காயத்துக்கு மருந்தடிச்சு நுரையீரல் போன மனுசருக்கு உவர் மூச்சு விடப் படிப்பிக்கிறார்” என்று மிஸ் அலுவலகத்தில் வந்து சொல்வார். அவன் செய்வது போலவே கண்ணை மூடிக் காட்டுவார். நாங்கள் சிரிப்போம்.

சிரிக்க அவருக்கு உரிமை இருந்தது. அவருடைய குடும்பம் தெல்லிப்பழையில் மிஷன் காலத்திலிருந்து இருந்த வேதக்காரக் குடும்பம். தொண்ணூறில் இடம்பெயர்ந்து மூன்று ஊர் மாறியவர்கள். சுனாமியில் கடல் வந்த வருசம் மூன்று கிழமைப் பயிற்சியோடு இந்த வேலையில் இறங்கினார். முகாம்களில் கூடாரத்துக்குள் பாயில் இருந்து கேட்டார். கலியாணம் கட்டவில்லை. ஒரு வீட்டுக்குள் நுழைந்து அடுப்பையும் முற்றத்தையும் பார்த்தாலே அங்கே என்ன கோளாறு என்று தனக்குத் தெரியும் என்று நம்பினார். பல தடவை அது சரியாகவும் இருந்தது. அதனால் றொகானை மட்டுமில்லை, குடும்பங்களையும் அவர் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தார்.

பரமலிங்கத்தின் வீடு அப்படி அவர் பார்த்தவுடன் தீர்ப்புச் சொன்ன வீடு. அச்சுவேலிக்கு இந்தப் பக்கம், வெங்காயமும் மரவள்ளியும் செய்கிற தோட்டக்காரர். ஐம்பத்தாறு வயது. எட்டு மாதமாகத் தோட்டத்துக்கு ஒழுங்காகப் போவதில்லை. வாழைக்கு இறைக்கப் போனவர் பம்பை ஓட விட்டுவிட்டு வரம்பில் இருப்பாராம். மனைவி பூரணம்தான் கூலிக்கு ஆள் பிடித்துத் தோட்டத்தைக் காப்பாற்றினார். படிவத்தில் எல்லாவற்றுக்கும் பூரணமே ‘இல்லை’ என்று சொல்வார். நித்திரை மட்டும் கொஞ்சம் குறைவு என்பார். பரமலிங்கம் திரையைப் பார்த்துத் தலையாட்டுவார். நாலு எண்ணி மூச்சு விடுவார். நாலு மாதம் இப்படியே போனது.

“குடி. பொஞ்சாதி மறைக்கிறா” என்றார் தேவகுமாரி மிஸ். றொகானிடமும் அதையே சொன்னார். தனக்கு அப்படித் தெரியவில்லை என்று அவன் மெதுவாகச் சொன்னான். பத்தாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருந்து உனக்கு என்ன தெரியும் என்று கேட்க மிஸ்ஸுக்கு வாய்வரை வந்ததாம். கேட்கவில்லை.

ஐந்தாம் மாதம், ஒரு புதன்கிழமைப் பின்னேரம். ரப்லெட்டை வைத்துவிட்டு அவர் வழமையான மூலையில் இருந்தார். றொகான் மூச்சுப் பயிற்சியைத் தொடங்கினான். பரமலிங்கம் மூச்சு விடவில்லை. திரையைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“மிஸ் வெளியாலை போனால் நான் சொல்லுறன்.”

பூரணம் தலையைக் குனிந்துகொண்டார். தேவகுமாரி மிஸ் திரையைப் பார்த்தார். றொகான் “அன்ரி, கொஞ்சம் வெளியில் இருக்க முடியுமா?” என்றான்.

அவர் எழும்பிப் போனார். கேற்றடியில் வெய்யிலுக்குள் நின்றார். முகாமில் எத்தனையோ பேர் தன் மடியில் முகம் புதைத்து அழுதிருக்க, ஒரு குடிகாரன் தன்னை நாயைத் துரத்துவது போலத் துரத்திவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தாராம். பிறகு பரமலிங்கத்தின் மகள் கஜந்தினியின் ஞாபகம் வந்தது. அவளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள் என்பது அவருக்கு முன்பே தெரியும். மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் அவர் போகிற வீடுகள் மூன்று. இந்த வீட்டில் ஒருவருக்கு மூளை சரியில்லை என்ற கதை வெளியே போக அவருடைய ஸ்கூட்டி ஒன்றே போதும். அவர் வாய் திறக்க வேண்டிய தேவையும் இல்லை. நாலு மாதம் அந்த மனுசன் வாயைத் திறக்காததற்குத் தான்தான் காரணம் என்று அப்போதுதான் விளங்கியது.

நாற்பது நிமிடத்தின் பின் அவருடைய போன் அடித்தது. றொகான். பரமலிங்கம் சொல்லச் சொன்னதை மட்டும் சொல்வதாகவும், மிச்சத்தைக் கேட்க வேண்டாம் என்றும் சொன்னான். பிறகு கேட்டான்:

“அன்ரி, துரவு என்றால் என்ன?”

கட்டாத கிணறு, தோட்டத்துக்கு இறைக்கிறது, என்று இவர் சொன்னார். றொகான் விசயத்தைச் சொன்னான். செத்துப்போன தமையன் துரவுக்குள் இருந்து கூப்பிடுவது பரமலிங்கத்துக்கு ஒரு வருசமாகக் கேட்கிறது. இரண்டு தரம் கரை வரைக்கும் போயிருக்கிறார். அவர் குடிப்பதே இல்லை. வாழ்க்கையில் ஒருநாளும் குடித்ததில்லை.

“இண்டைக்கே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேணும்” என்றார் மிஸ்.

“ஓம். எனக்கும் அதுதான் சரி என்று தெரியுது. எப்படிக் கொண்டுபோறது என்றுதான் தெரியேல்லை.”

அது அவருக்குத் தெரிந்திருந்தது. ஊர் ஓட்டோவைக் கூப்பிடாமல் சுன்னாகத்திலிருந்து ஒன்றை வரவழைத்தார். பூரணத்தின் காதுக்குள், பல்லுக் கொதி என்று அயலுக்குச் சொல்லச் சொன்னார். ஓட்டோவுக்குப் பின்னால் போகாமல், தன் ஸ்கூட்டியில் வேறு பாதையால் முன்கூட்டியே போய், மருத்துவரிடம் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டு, அவர்கள் வந்து இறங்குவதற்கு முன் அங்கிருந்து போய்விட்டார். மூன்று கிழமை ஆசுபத்திரி வாட்டில் இருந்து, மருந்தோடு பரமலிங்கம் வீட்டுக்கு வந்தார். கூப்பிடும் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததாம். கார்த்திகையில் வெங்காயம் நட்டார்.

நிறுவனம் இதைச் சும்மா விடுமா? ‘தொழில்நுட்பம் காத்த உயிர்’ என்று ஒரு கட்டுரை வேண்டும், குடும்பத்தின் படமும் வேண்டும் என்று மெல்பேர்ணிலிருந்து கேட்டார்கள். முகத்தை மங்கலாக்கிப் போடலாம் என்றார்கள். அச்சுவேலியில் முதுகைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள் என்பது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது. தேவகுமாரி மிஸ் மறுத்துவிட்டார். றொகானும் மறுத்தான். கடைசியில் ரப்லெட்டின் படத்தைப் போட்டார்கள்.

அதன்பின் எந்த வீட்டிலும் அவர் உள்ளே இருக்கவில்லை. ரப்லெட்டை வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்துவிடுவார். றொகானைப் பற்றிய நையாண்டி நின்றது என்று சொல்ல மாட்டேன். மூச்சுப் பயிற்சியை இன்னும் நடித்துக் காட்டினார். நாங்கள் சிரித்தோம். ஆனால் ஒருநாள் புதிதாக வந்த பெண்ணொருத்தி அவனை ‘அரைத்தமிழ்’ என்றபோது, “அந்த அரைத்தமிழுக்குத்தான் சனம் வாய் திறக்குது” என்று வெட்டினார்.

ஒன்றரை வருசத்தில் திட்டம் முடிந்தது. நன்கொடையாளர்களின் அக்கறை வேறொரு நாட்டுக்குப் போய்விட்டதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. எண்பத்தேழு குடும்பங்களுக்கும் அதை அறிவிக்க யாரும் ஏற்பாடு செய்யவில்லை. றொகான் தன்பாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்துச் சொன்னான் என்று பிறகு அறிந்தோம். ரப்லெட்டுகளைத் திருப்பி வாங்க மட்டும் ஆள் அனுப்பினார்கள்.

கஜந்தினியின் கலியாணம் ஆவணியில் நடந்தது. தேவகுமாரி மிஸ்ஸுக்கு அழைப்பில்லை. அச்சுவேலிச் சந்தையில் பரமலிங்கம் அவரைக் கண்டால் மீன்கடைப் பக்கம் திரும்பிவிடுவார். அந்த மனுசன் சைவம். மீன்கடையில் அவருக்கு ஒரு அலுவலும் இல்லை. “நானெண்டாலும் அதைத்தான் செய்வன்” என்றார் மிஸ். அவர் அதைச் சொன்ன விதத்தில் நோவு இல்லை என்று நான் எழுதினால் பொய்யாகிவிடும்.

இப்போது அவர் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு தொலைபேசி உதவிச் சேவையில் வேலை செய்கிறார். சேரும்போது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: தெல்லிப்பழையும் அச்சுவேலியும் அடங்கிய வலிகாமத்திலிருந்து வரும் அழைப்புகளைத் தனக்குத் தரக் கூடாது. அவர்கள் காரணம் கேட்டார்கள். தன்னை அறியாத சனத்தோடு கதைத்தால்தான் வேலை நடக்கும் என்றார். சிரித்த முகத்தோடு கதைத்தால் அந்தச் சிரிப்புக் குரலில் தெரியும் என்று அங்கே ஒரு அறிவுறுத்தல் தாள் கொடுத்திருக்கிறார்கள். அதன்மேல்தான் தேத்தண்ணிக் கோப்பையை வைக்கிறார்.

போன கிழமை நான் அங்கே போனபோது மட்டக்களப்பிலிருந்து ஒரு ஆள் கதைத்துக்கொண்டிருந்தார். முக்கால் மணித்தியாலம் காத்திருந்தேன். அவ்வளவு நேரத்தில் மிஸ் சொன்னது “ஓம், சொல்லுங்கோ” என்பது மட்டும்தான்.