சுறாப் பல் வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா

என் மனைவி பொம்மை செய்வாள். இதைக் கேட்டதும் எல்லாரும் "அடடே, நல்ல கலையாச்சே" என்பார்கள். பொம்மையைப் பார்த்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள்.

நாங்கள் இருப்பது காசிமேட்டில், ஹவுசிங் போர்டு வீட்டில். எனக்கு எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேலை. அவள் காலையில் மீன் ஏலத்துக்குப் போய்க் கூடை எடுத்து, தெருத் தெருவாக விற்றுவிட்டு, மதியம் வந்து குளித்த கையோடு ஊசியை எடுத்துவிடுவாள். அறுந்த வலைத்துண்டு, வலையில் கட்டுகிற மிதவை, செருப்பு வார், செத்துப்போன ரிமோட்டின் பட்டன், இவைதான் அவளுடைய சரக்கு. தலைகள் மட்டும் காயலான் கடையிலிருந்து வரும். கொடுங்கையூர்க் குப்பையில் பொறுக்கி வந்து போடுகிற உடைந்த பிளாஸ்டிக் பொம்மைகளில் தலையை மட்டும் திருகி எடுத்துக்கொள்வாள். ஒருமுறை ஷேர் ஆட்டோவில் கவர் கிழிந்து அத்தனை தலையும் காலடியில் உருண்டன. எதிரே உட்கார்ந்திருந்த அம்மா தன் நிறுத்தம் வருவதற்கு முன்னாலேயே இறங்கிவிட்டார்.

அழகாக ஒன்று செய்தால்தான் என்ன என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

"அழகா வேணும்னா கடைல கீது, போய் வாங்கிக்கோ" என்பாள்.

அவளுக்குப் பண்டிகை என்றாலே பயமும் சேர்ந்ததுதான். போகி அன்று விடியற்காலை புகையோடு புகையாக ஒருத்தி வருவாள், எரிக்க மனசில்லாமல் நீ ஒளித்து வைத்த பழந்துணியை மோந்து பார்த்தே கண்டுபிடிப்பாள் என்று அவள் அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார். அந்தப் புகைக்காரியைச் சைக்கிள் டியூபில் செய்து ஃப்ரிட்ஜ் மேல் உட்கார வைத்திருந்தாள். அவள் பிறந்த வீடு ராயபுரம். டிசம்பரில் பேண்ட் வாத்தியத்தோடு கிறிஸ்துமஸ் தாத்தா தெருவில் ஆடிக்கொண்டு வருவார். அந்த ரோஸ் முகமூடியின் அசையாத சிரிப்பைப் பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் புகுந்து மாலை வரை வெளியே வராதவள் இவள். வளர்ந்த பிறகு அவரையும் பொம்மையாகச் செய்து, சிவப்பு வலையில் சட்டை தைத்து, வாயில் சுறாப் பல்லை வரிசையாகப் பதித்துவிட்டு, "இப்பதான் சரியா கீறாரு" என்றாள். இவர்கள் போக, டி.வி. மல்யுத்தக்காரன்போல ஜட்டியும் பெல்ட்டும் போட்ட திருஷ்டி பொம்மை, கூலிங் கிளாஸ் மாட்டிய முனி, பேய் சீரியலில் பாதியிலேயே காணாமல் போன மாமியார் என்று ஒரு கூட்டமே எங்கள் வீட்டில் குடியிருந்தது. வாடகை மட்டும் நான்தான் கொடுத்தேன்.

நான் கிண்டல் செய்வேன், அது என் உரிமை. ஆனால் மற்றவர்கள் செய்ததில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தங்கை மகளுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தது பரண்மேல் சாக்குக்குள் கிடந்தது. என் அக்கா வீட்டில் இன்னொன்றைக் கக்கூஸ் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தவள், பஸ் திருவொற்றியூர் தாண்டியபோதுதான் வாயைத் திறந்தாள்.

"சொந்தக்காரங்க என் மூஞ்சிக்கோசரம் வாங்கிக்கறாங்கய்யா. என்னை யாருன்னே தெரியாத ஒரு ஆளு இத்தைப் பாத்துட்டு, எனக்கு வேணும்னு புடிச்சிக்கணும். ஒரே ஒரு ஆளு. அப்புறம் நான் யாரையும் இன்னான்னு கேக்க மாட்டேன்."



இந்த வருடம் அடையாறு பக்கம் ஒரு கைவினைச் சந்தை. அதை நடத்துகிற அம்மா யாருடைய போனிலோ அந்தத் தாத்தாவின் படத்தைப் பார்த்துவிட்டு, பாதி மேஜை தருகிறேன், முந்தின நாள் சாயங்காலமே கொண்டுவந்து வைத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். என் மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. பொம்மைகளுக்குத் தலை சீவிவிட்டாள். வழுக்கைக்கும் சீவினாள்.

அந்த முந்தின நாள்தான் எங்கள் பக்கத்தில் மயானக் கொள்ளை. சிவராத்திரி முடிந்த மறுநாள் அங்காளம்மன் வேஷம் கட்டியவருக்குச் சாமி வந்து, மேளத்தோடு சுடுகாட்டுக்குப் போகும். சிவன் கையில் ஒட்டிக்கொண்ட மண்டையோட்டுக்கு அம்மன் சோற்றை வாரி இறைத்துக் கீழே இறங்க வைத்தாளே, அந்தக் கதைதான். வழியெல்லாம் கொழுக்கட்டை, அவித்த பயறு, காய், பழம் என்று சாமி அள்ளி வீசும். அதற்குச் சூறை என்று பெயர். பிடித்தவர்களுக்கு அது பிரசாதம். அதைத் திருப்பிக் கேட்கிற வழக்கமும் கிடையாது, கொடுக்கிற வழக்கமும் கிடையாது.

கூட்டத்துக்குள் ஆட்டோ வரமாட்டேன் என்றது. மெயின் ரோடு வரைக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் போய்விடலாம் என்று முடிவுசெய்தோம். காலையில் கோயிலுக்குச் சூறைச் சாமான் ஏற்றிப்போன வண்டி அது. ஹேண்டில்பாரில் வேப்பிலை கட்டியபடியே இருந்தது. என் மனைவி பொம்மைகளைப் பெரிய மூங்கில் கூடையில் அடுக்கி, வழியில் குழந்தைகள் பார்த்து அழக்கூடாது என்று பழைய சிவப்புப் புடவையால் மூடினாள். வேப்பிலை, கூடை, சிவப்புத் துணி. எங்கள் ஊரில் பிறந்த எவனும் அதை வேறு என்னவென்று நினைப்பான்? எங்களுக்குத்தான் அது உறைக்கவில்லை.

தெரு முனையில் ஊர்வலம் எதிரே வந்துவிட்டது. கூட்டம் தானாகவே விலகி எங்கள் வண்டிக்கு வழிவிட்டது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பச்சை முகமும் தொங்கும் நாக்குமாகச் சாமி நேராக வந்து புடவையை விலக்கிக் கையை விட்டது. வெளியே வந்தது கிறிஸ்துமஸ் தாத்தா. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், சாமி ஒரு அடி பின்னால் வைத்தது. பிறகு தாத்தாவைத் தூக்கி வானத்தில் எறிந்தது.

மேளம் எகிறியது. புகைக்காரி பறந்தாள், முனி பறந்தார், மாமியார் பறந்தாள். நான் வண்டியிலிருந்து குதித்து, "யோவ், இது சூறை இல்லய்யா, பொம்மைய்யா" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

மல்யுத்தக்காரனை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்த ஒருவர், "தெரியுது நைனா, சாமி பொம்மை" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சாமியை யார் சட்டையைப் பிடித்துக் கேட்பது? என் மனைவி மட்டும், சாமி போகிறபோக்கில் நெற்றியில் பூசிய சாம்பலோடு காலிக் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தைக்காரம்மாவுக்கு நான்தான் போன் செய்தேன். அந்தப் பாதி மேஜையை மெழுகுவர்த்தி செய்கிற ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வேட்டைக்குக் கிளம்பினேன். ஒன்றிரண்டாவது கிடைத்தால் அடுத்த சந்தைக்காவது ஆகும் என்று நினைப்பு. புகைக்காரி ஒரு விசைப்படகின் முகப்பில் மாலையோடு தொங்கினாள். முனி ஐஸ் கடைக் கல்லாவின் மேல் எலுமிச்சம்பழத்தோடு வீற்றிருந்தார். காசு தருகிறேன் என்றேன், கெஞ்சினேன், அப்புறம் வழக்கம்போலச் சண்டையும் போட்டேன். "சாமி குடுத்தத எவனாச்சும் திருப்பிக் குடுப்பானா மாமு?" என்று எல்லாரும் ஒரே பாட்டாகப் பாடினார்கள். தலைகீழாக நின்றாலும் கிடைக்காது என்று புரிந்துவிட்டது.

கடைசியாக மெயின் ரோட்டுப் பஞ்சர் கடை. கூட்டத்துக்கு மேலே பறந்த தாத்தா அங்கே டயர் அடுக்கில் விழுந்திருக்கிறார். கடைக்கார பாயை எனக்கு முன்பின் தெரியாது. தாத்தாவைக் காற்றடிக்கிற மெஷினுக்கு மேலே ஆணியில் மாட்டியிருந்தார்.

"பாய், அது எங்க வூட்டுது. தெரியாம எறிஞ்சிட்டாங்க" என்றேன்.

"ஐயய்யோ, அப்படியா? உங்க பொருளுன்னா எடுத்துக்கினு போங்க" என்று அவர் உடனே கழற்றி நீட்டினார். நான் பிடித்தேன். அவர் விடவில்லை.

"குடுத்துத்தான் ஆவணுமா?" என்றார்.

"உங்களுக்கு இன்னாத்துக்கு பாய்? எங்க சாமி வீசினது உங்களுக்குக் கணக்கே இல்லையே."

"சாமிக்கு இல்ல தம்பி. இவரு மூஞ்சி எனக்குப் புடிச்சிப்போச்சு. காலைல கடையத் தொறந்தேன், என்னப் பாத்துப் பல்ல இளிச்சிகினு கீறாரு. எனக்குச் சிரிப்பு தாங்கல. யாரு செஞ்சதோ, கைய வாங்கிக் கண்ல ஒத்திக்கலாம்."

நான் கையை எடுத்துவிட்டேன். தாத்தா ஆணிக்கே திரும்பிப் போனார்.

வீட்டுக்குள் வெறுங்கையோடு நுழைந்ததும் என் மனைவி, "எல்லாம் சாமி குடுத்ததுன்னு வெச்சிகினு கீறாங்க, அதானே?" என்றாள். ஆமாம், பஞ்சர் கடை பாயைத் தவிர என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன்.

"நீ இழுத்தியா?"

"இழுத்தேன்."

"வுடலையா அவரு?"

"வுடலைமே."

"நல்லா இழுத்தியா? சும்மானா இழுத்தியா?"

"ஃபோர்க்லிஃப்ட் ஓட்ற கைமே இது."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"யாரு செஞ்சதோன்னு சொன்னாரா? அத்த மட்டும் இன்னொரு தபா சொல்லு."

நானும் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை சொன்னேன்.