பழைய பள்ளி வாசலில் ஒரு நிமிடம்

மஞ்சள் பஸ் ஓட்டுகிறவன் பள்ளிக்கூடத்தின் சரித்திரத்தைத் தரிப்பிடம் தரிப்பிடமாகத்தான் படிக்கிறான். பனியில் கண்ணாடி சுரண்டும் சக சாரதிகளே, அப்படிப் படித்த ஒரு கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

யாரும் ஏறாத இடம்

டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பெட்டிகள் தூக்கி முதுகு போனபின் இந்த வேலைக்கு வந்தேன். மொன்றியல் தீவுக்கு வெளியே, சோள வயல்களுக்கு நடுவே எங்கள் உயர்நிலைப் பள்ளி. நாலு கிராமத்துச் சிறு பள்ளிகளை மூடி ஒன்றாக்கிக் கட்டியது. எனக்குப் பாதை பழக்கியவர் ரொஜே. பள்ளி திறந்த நாளிலிருந்து ஓட்டியவர்.

கடைசிக் கிராமத்தில், பூட்டிக் கிடந்த பழைய பள்ளி வாசலில் பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்தார். ஏற ஒருவரும் இல்லை. ஒரு நிமிடம் பொறுத்து மூடினார். ஏன் என்று அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன்.

"பள்ளியை மூட விடமாட்டோம் என்று இந்த ஊர் ரோட்டில் குந்தியிருந்தது. பஸ் என்றைக்கும் இந்த வாசலுக்கு வரும் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் எழும்பினார்கள். பிள்ளை இல்லையென்றால் வாக்கும் இல்லையா?"

சீனி

ரொஜேயின் வீடு அந்த வாசலுக்கு நேரெதிரே. பஸ் நின்றதும் அவர் மனைவி கோப்பியோடு வருவார். கோப்பிக்காகத்தான் நிறுத்துகிறாரோ என்று சந்தேகம் வராதா? என்னோடு ஓட்டும் மன்னார் மரியதாஸ் அண்ணையிடம் சொன்னேன்.

"தம்பி, அந்த வாக்குக்கு எத்தினை கரண்டி சீனி போடுறவை?"

ரொஜே ஓய்வுபெற்ற பிறகும் நான் அங்கே நிறுத்தினேன். நம்பாத ஒன்றை ஏன் தினமும் செய்கிறேன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன்.

ஏறிய பிள்ளை

போன இலையுதிர் காலத்தில் அந்த வாசலில் ஒரு சிறுமி நின்றாள். லொங்குய் நகரிலிருந்து குடிவந்த எங்கள் தமிழ் ஆட்கள். பக்கத்தில் தாய்.

"அண்ணை, பஸ் வாசலுக்கே வருமெண்டு முன்வீட்டு ரொஜே சொன்னவர். அதை நம்பித்தான் இந்த வீட்டை எடுத்தனாங்கள்."

ஆதாரம்

இந்த மாதம், ஒரு பிள்ளைக்காக அந்தத் தரிப்பிடம் வேண்டாம் என்று போக்குவரத்து அலுவலகம் முடிவெடுத்தது. அவள் நெடுஞ்சாலைச் சந்திவரை நடக்கவேண்டும். நடைபாதை இல்லை, லொறிகள் உண்டு. நான் போய், என் சொந்தக் கதைபோல, வாக்கைப் பற்றிச் சொன்னேன். அதிகாரி பழைய கோப்புகளையெல்லாம் பொறுமையாகப் புரட்டினார்.

"இங்கே ஒரு வரிகூட இல்லை. வாக்குக் கொடுத்தது யார் என்றாவது கேட்டு வாருங்கள், அதுவரை பஸ்ஸை அங்கேயே நிறுத்துங்கள்."

சனிக்கிழமை ரொஜே வீட்டுக்குப் போனேன். பதில் எதுவானாலும் திங்கட்கிழமை அந்த வாசலில் கதவைத் திறப்பேன் என்று முடிவெடுத்துவிட்டுத்தான் போனேன். யாருடைய வாக்கை இத்தனை காலம் காப்பாற்றினேன் என்று மட்டும் தெரியவேண்டியிருந்தது. அவர் கோப்பி வார்த்தார். இத்தனை வருடம் நம்பாதவன் கேட்பதற்கு மிஞ்சியிருந்தது ஒரே கேள்விதான்:

"ரொஜே, அன்றைக்கு ரோட்டில் இருந்தவர்களுக்கு வாக்குக் கொடுத்தது பள்ளிக்கூடமா, நீங்களா?"