யார் என்று எழுதாத கடிதம்

மூன்றாவது முறையும் அந்த அம்மா அதையே கேட்டார்: "யாரு பாப்பா மாத்தினா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் மேல் இல்லை. என் கையில் இருந்த கடிதத்தின் மேல்.

அவர் என்னோடு கல்லூரியில் படித்தவளின் தாயார். பாலக்கரையில் வீடு. கணவருக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை. மூத்த மகள் கன்னியாஸ்திரீயாகி ஸ்பெயின் நாட்டு மடம் ஒன்றுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாதம் தவறாமல் தமிழில் எழுதிக்கொண்டிருந்தவளிடமிருந்து நான்கு மாதமாக ஒன்றும் வரவில்லை. கடைசியில் மடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, ஸ்பானிஷில்.

"இங்க இருக்கிற சிஸ்டருங்ககிட்ட காட்டினா, 'நல்லா இருக்காங்க, ஜெபம் பண்ணுங்க'ன்னு மடிச்சுக் கொடுத்துடுவாங்க. நீ வரி வரியாச் சொல்லு."

கல்லூரி முழுக்க நான் பீற்றிக்கொண்டதன் பலன் இது. தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில், இங்கிலீஷ் வழியாக ஸ்பானிஷ் கற்றுத்தரும் புத்தகம் கிடைத்திருந்தது. ஸ்ரீரங்கம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதுதான் என் மடியில். "ஏண்டி, பெருமாளுக்கு ஸ்பானிஷ்ல அர்ச்சனை பண்ணப் போறியா?" என்பார் அப்பா. நான் பதிலுக்குக் கதவைக் காட்டி 'செர்ராதா' என்பேன், மூடியது. ஜன்னலைக் காட்டி 'அபியெர்த்தா', திறந்தது. வினைச்சொல்லின் வாலை மாற்றினால் அது ஒரு பொருளின் தன்மையைச் சொல்லும் சொல்லாகிவிடும். கதவும் ஜன்னலும் அந்த மொழியில் பெண்பால் என்பதால் அந்த வாலும் 'ஆ' என்று முடியும். அதையே 'இரு' என்கிற வினையோடு சேர்த்தால் செயப்பாட்டுவினை. இருப்பதிலேயே எனக்குப் பிடித்த பாடம். பயிற்சி ஒன்று விடாமல் முடித்திருந்தேன்.

கடிதம் முழுக்க அந்தப் பாடம்தான். திக்காமல் வாசித்தேன், பெருமையாகக்கூட இருந்தது. "உங்க பொண்ணு சோர்ந்து போயிருக்காங்க. வேற மடத்துக்கு மாற்றப்பட்டிருக்காங்க. நல்லா கவனிக்கப்படுறாங்க. இந்த முடிவு அன்போட எடுக்கப்பட்டது."

"எந்த மடம்?"

"அது போடலைம்மா."

"யாரு முடிவு எடுத்தா? யாரு மாத்தினா?"

மறுபடி வாசித்தேன். சோர்ந்த, மாற்றப்பட்ட, கவனிக்கப்பட்ட, எல்லாச் சொல்லும் 'ஆ', 'ஆ' என்று அந்தப் பெண்ணையே காட்டிக்கொண்டு நின்றன. செய்தவரைக் காட்ட ஒன்றுகூட இல்லை. செய்தவர் பெயரை விட்டுவிடலாம் என்று புத்தகத்திலேயே இருந்தது. பயிற்சி எழுத எவ்வளவு சௌகரியம் என்று நான் அதன் கீழே கோடு வேறு போட்டிருந்தேன்.

"ஒர்க்ஷாப் நோட்டீஸ் போர்டு மாதிரியே இருக்கு," என்றார் அந்த அம்மா. "'மாற்றப்பட்டார்'னு ஒட்டிடுவாங்க. யாருய்யா மாத்தினதுன்னு இவர் போய்க் கேட்டா, ஆளாளுக்கு அடுத்த ரூமைக் கை காட்டுவாங்க."

பதில் எழுத அடுத்த சனிக்கிழமை போனேன். புத்தகத்துப் பாணியில் அழகாக ஒன்று தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். தமிழில் சொல்லச் சொன்னார். "தங்கள் கடிதம் பெறப்பட்டது. மகளின் முகவரி பணிவுடன் வேண்டப்படுகிறது..."

"இதுல நான் எங்க பாப்பா இருக்கேன்?"

எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. அவர் தானே சொல்ல ஆரம்பித்தார். "நான் அவ அம்மா. நான்தான் அவளை அனுப்பி வச்சேன். இப்ப அவ எங்க இருக்கா? அவளை யாரு மாத்தினீங்க? அவ கையால ஒரு வரி எழுதச் சொல்லுங்க."

இந்த ஐந்து வரிக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. கடினமான பாடங்களுக்கு ஓடிய அவசரத்தில், கேள்வி கேட்கும் சின்னப் பாடங்களைத் தாண்டிக் குதித்திருந்தேன். யாரிடம் சொல்ல?

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. கல்லூரி விட்டதும் தோழி என்னை நேராக வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். செருப்பைக் கழற்றி நின்ற இடத்திலேயே வாசித்தேன். மொத்தம் இரண்டு வாக்கியம். இரண்டாவது ஆசீர்வாதம். முதலாவது: "உங்கள் கடிதம் மிகுந்த அன்போடு வாசிக்கப்பட்டது."

அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். "வாசிக்கப்பட்டதுன்னா... எம்பொண்ணு வாசிச்சாளா?"

செய்தவர் பெயருக்கு முன்னால் அவர்கள் 'போர்' என்று ஒரு குட்டிச் சொல் போடுவார்கள், நம் 'ஆல்' உருபு மாதிரி. தாளைத் திருப்பிக்கூடத் தேடினேன். இல்லை. அந்த மடத்தைக் கையில் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆமாம்மா, அவங்கதான் வாசிச்சாங்க என்று சொல்லிவிடலாம். அந்த வீட்டில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வாய்வரை வந்துவிட்டது.

"அது போடலைம்மா," என்றேன்.

அவர் உள்ளே போய்ப் புது ஏர் லெட்டர் ஒன்றை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"அவ வாசிச்சாளான்னு மட்டும் கேளு. வேற ஒண்ணும் எழுதாத."

ஒரே வரி. எழுதி முடித்து நிமிர்ந்தேன். "கீழ இவ்வளவு இடம் காலியா இருக்கேம்மா."

"இருக்கட்டும். அவ எழுதறதுக்கு."