சாரின் அடுப்பு

கடியப்பட்டணத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, குழித்துறைக்கு அருகே ஒரு கல்லூரிக்குப் பத்தொன்பது வருடமாக வந்துகொண்டிருக்கிறாள் சுனிதா. ஆய்வக உதவியாளர். அதில் கடைசிப் பதினோரு வருடம் விடுமுறை என்று ஒன்று அவளுக்கு இருந்ததில்லை. எல்லாம் அந்தப் பெட்டியால் வந்தது.

தாவரவியல் பேராசிரியர் முருகதாஸ் வடக்கே மலைப்பக்கம் ஒரு வெந்நீர் ஊற்றுக்குப் போயிருந்தார். கையைச் சுடும் தண்ணீருக்குள் பச்சைப் படலமாகக் கிடந்த பாக்டீரியாவைச் சுரண்டி, டீ பிளாஸ்க்கில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்தார். செடியைப்போல வெளிச்சத்தில் தனக்கானதைச் சமைத்துக்கொள்ளும் ஜீவன். ஆனால் சூடு வேண்டும். அதற்காகக் கண்ணாடிக் கதவு வைத்த ஒரு பெட்டி, உள்ளே விளக்கு, ஐம்பத்தைந்து டிகிரி, இரவும் பகலும். கல்லூரி முழுக்க அதற்குப் பெயர் ‘சாரின் அடுப்பு’.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அது எந்த விடுமுறையில் விழுந்தாலும், புதுக் குப்பிக்கு மாற்றவேண்டும். சாருக்கு முட்டுவலி வந்தபிறகு அதற்காக ஆய்வக மாடியேறியது சுனிதாதான்.

“இது எதுக்கு சார்?” என்று ஒருநாள் சலித்துக் கேட்டாள்.

“நீயும் நானும் எதுக்குன்னு யாராவது கேக்காவளா?”

போன கார்த்திகையில் சார் இறந்தார். மனைவி மக்கள் இல்லை. தங்கை மட்டும். மூன்று நாள் அந்தத் துட்டி வீட்டில் நின்று, பக்கத்து வீட்டிலிருந்து வந்த கடுங்காப்பியை ஆட்களுக்குக் கொடுத்தாள் சுனிதா. ஆய்வகச் சாவியை அலுவலக உதவியாளர் தாணுலிங்கத்திடம் கொடுத்து, பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள்.

நான்காம் நாள் வந்தால் பெட்டி இருண்டு, ஆறிக் கிடந்தது.

“அண்ணாச்சி, இதை யாரு அணைச்சா?”

“நான்தான் மக்கா. சார் கெடத்தியிருக்கும்போ அவரு அடுப்பு எரியலாமா? துட்டிக்கு யாராவது அடுப்பு பத்த வப்பாவளா?”

“குப்பியெல்லாம் எங்க?”

“கெட்டுப்போயிரக் கூடாதேன்னு பிரிட்ஜில எடுத்து வச்சேன்.”

“குளிருல செத்துரும் அண்ணாச்சி.”

“மீன்கறியே நாலு நாள் கெடக்கும். இது கெடக்காதா?” கேட்டபிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

ஐந்து குப்பிகளும் வெளிறிய மஞ்சளாக இருந்தன. அவளுக்குத் திட்டவும் தெம்பில்லை. சார் விட்டுப்போனதில் உயிருள்ளது அது ஒன்றுதான். இன்னொரு முறை அந்த மலைக்குப் போக இங்கே யாரும் இல்லை.

சூட்டை ஏற்றிவிட்டுப் பெட்டியைத் துடைத்தபோது, விளக்குக்குப் பின்னால் ஆறாவது குப்பி கைக்குத் தட்டுப்பட்டது. வாய் உடைந்ததால் அவளே எப்போதோ கழித்து ஒதுக்கியது. தாணுலிங்கத்தின் கண்ணில் அது படாததால் பிரிட்ஜுக்குப் போகவில்லை. அடியில் அழுக்குப்போல ஏதோ இருந்தது. எல்லாவற்றிலிருந்தும் புதுக் குப்பிகளுக்கு மாற்றி வைத்தாள்.

அதன்பிறகு தாணுலிங்கம் தினமும் காலையில் மாடியேறி வந்து கதவருகே நிற்பார். உள்ளே வரமாட்டார். ஒரு வாரம் போயிற்று. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

பதினோராம் நாள் ஒரு குப்பியின் அடியில், நகக்கண் அளவுக்குப் பச்சை. உடைந்த குப்பியிலிருந்து மாற்றியது. மற்ற ஐந்தும் போய்விட்டன.

“வந்துட்டா?” என்றார் வாசலிலிருந்து.

“வந்துட்டு.”

“அப்பாடா! உயிரு வந்துட்டு.”

“அதுக்கு வந்துட்டு. இனி நமக்குத்தான் போவும் அண்ணாச்சி.”

அவர் சிரித்தார். அவளுக்குக் கால் கடுத்தது. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நாட்காட்டியில் பதினைந்து நாள் எண்ணினாள். கிறிஸ்மஸில் போய் விழுந்தது. மறுபடி எண்ணினாள். அதையே வட்டமிட்டு, பேனாவை மூடினாள்.