உள்ளேயிருந்து திறக்காத கதவு

எங்கள் கார் பெட்ரோலில் ஓடி, மின்சாரத்தில் நிற்கும் கார். எஞ்சினைக் குறை சொல்ல முடியாது. காலையில் கொஞ்சம் இருமும், பிறகு வேலைக்கு வந்துவிடும். பாட்டரி, ஒயர், விளக்கு, ஹார்ன் இவைதான் என்னை மனுஷனாக இருக்கவிடவில்லை. எழுபதுகளின் கடைசியில், மூன்று கை மாறி என்னிடம் வந்தபோது அதற்கு ஓட்டுப் போடும் வயது தாண்டியிருந்தது.

பாட்டரியை நம்பி வண்டியை வீட்டு வாசலில் நிறுத்த முடியாது. மறுநாள் தள்ள ஆள் தேட வேண்டும். காரைக்காலில் எங்கே தேடினாலும் மேடு கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரே மேடு அரசலாற்றுப் பாலத்தின் ஏற்றம்தான். ஆகவே கார் பாலத்தோரம் தூங்கும், நான் வீட்டில் தூங்குவேன். காலையில் நடந்துபோய், பானெட்டைத் திறந்து, பாட்டரியின் கறுப்பு ஒயரை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு, சரிவில் உருட்டி கியரைப் போட்டால் கிளம்பும். அணைக்காமல் வீட்டுக்கு ஓட்டிவந்து மனைவியை ஏற்றிக்கொள்வேன். கார் வாங்கிய பிறகுதான் நான் அதிகம் நடக்கிறேன் என்பாள் அவள். பள்ளிக்கூட டீச்சர், கணக்கில் தப்பு வராது.

இடதுபக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. கைப்பிடியை இழுத்தால் காற்றில் ஆடும், அவ்வளவுதான். அந்தப் பக்கத்துக் கண்ணாடியை இறக்கும் பிடியும் கழன்று, முன்னாலிருக்கும் சின்னப் பெட்டியில் கிடந்தது. அவள் உட்காருவதோ அந்தப் பக்கம். எனவே வண்டியை நிறுத்தியதும் நான் குதித்து இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி ஓடி, கதவைத் திறந்துவிடுவேன். அவள் பட்டுப் புடவையைக் கையில் பிடித்தபடி இறங்குவாள்.

எதிர்வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வது. நான் ஓடிவந்து கதவு திறப்பதைப் பார்த்து அவர் உருகிப்போனார். மனைவியை இவ்வளவு மரியாதையாக நடத்துகிறவனைக் கப்பலேறிப் போன ஊரில்தான் பார்த்தாராம். என்னைக் "கலான்" என்று கூப்பிட ஆரம்பித்தார். பெண்களுக்கு மரியாதை தெரிந்த ஆண் என்று பிரெஞ்சில் அர்த்தமாம். நான் மறுக்கவில்லை. கைப்பிடி ரிப்பேர் என்று சொல்லி, வருகிற மரியாதையை யாராவது திருப்பி அனுப்புவார்களா? தெருவில் நாலைந்து பெண்கள் தங்கள் வீட்டுக்காரர்களிடம் என்னை உதாரணம் காட்டியதாகக் கேள்வி. அந்த வீட்டுக்காரர்கள் காதில் மட்டும் அந்த வார்த்தை வேறு மாதிரி விழுந்தது. "ஏன் சார், சொல்தா ஒங்கள கள்ளன் கள்ளன்னு கூப்புடறாரே, என்ன சேதி?" என்று ஒருவர் மீன் மார்க்கெட்டில் வைத்துக் கேட்டார்.

கதவைச் சரிபண்ண இரண்டு வருஷம் எனக்கு நேரம் கிடைக்கவில்லை. காரணம் இப்போது புரிந்திருக்கும்.

அடுத்தது ஹார்ன். மழைக்காலத்தில் அது தானாகவே அடிக்கும். எங்கோ ஒயர் உராய்ந்திருக்கிறது. ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தது. புதிது போட்டால் இரண்டு நாள். கடைசியில் சிகரெட் பாக்கெட்டிலிருக்கும் வெள்ளித்தாளைக் கிழித்து, ஃபியூஸின் மேல் சுற்றிச் சொருகினேன். அப்புறம் அது போகவேயில்லை. பெருமையாக மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஃபியூஸ் போவுதுன்னா நம்மளக் காப்பாத்திட்டு அது சாவுதுன்னு அர்த்தம் சார். நீங்க அதச் சாவ விட மாட்டேங்கறீங்க" என்றார். வார்த்தை அழகாக இருக்கிறதே என்று ரசித்துவிட்டு வந்துவிட்டேன். நான் கிளம்பும்போது அவர் காரின் முன்பக்கம் ஒரு எலுமிச்சம்பழம் கட்டிவிட்டார். உள்ளே கண்ணாடியில் என் மனைவி மாட்டிய ஜெபமாலை ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. ஆக இரண்டு தரப்புப் பாதுகாப்பும் இருந்தது. ஃபியூஸ் மட்டும் இல்லை.

ஒரு ஐப்பசி மாதம், என் மனைவியோடு வேலை பார்த்த டீச்சர் குரும்பகரத்தில் வீடு கட்டிக் குடிபோனார். நாங்கள் காரில் கிளம்பினோம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பகலிலேயே இருட்டாகிவிட்டதால் விளக்கைப் போட்டேன், துடைப்பானைப் போட்டேன், என் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். இரண்டு பக்கமும் வயல், ரோட்டில் வேறு வண்டி கிடையாது. திடீரென்று ஹார்ன் அடிக்க ஆரம்பித்தது, நிறுத்தாமல். ஸ்டீயரிங்குக்குக் கீழே ரப்பர் கருகும் நாற்றம். அப்புறம் புகை.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று நான் ஆபீஸில் பல பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். சாவியை அணை, கூட வந்தவர்களை இறக்கு, பாட்டரி ஒயரைப் பிடுங்கு. அன்றைக்கு என் மூளையை யாரும் கலந்தாலோசிக்கவில்லை. கால்கள் இரண்டும் தங்களுக்குள் கூட்டம் போட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டன. பிரேக் போட்டது ஞாபகம் இருக்கிறது. அடுத்து நான் வரப்பில் ஓடிக்கொண்டிருக்கிறேன். வேட்டி முழங்காலுக்கு மேல், ஒரு செருப்பு சேற்றில். பின்னால் ஹார்ன் என்னைத் துரத்திக்கொண்டு வருகிறது. வாய்க்கால் குறுக்கே வந்ததால்தான் நின்றேன். கையில் ஏதோ கனத்தது. பார்த்தேன். குடை.

எரிகிற வண்டியிலிருந்து நான் காப்பாற்றிக்கொண்டு வந்தது குடையை.

அப்போதுதான் கதவு ஞாபகம் வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் வரிசை அதுதான். முதலில் அந்தத் திறக்காத கதவு ஞாபகம் வந்தது. அதற்கப்புறம்தான் அந்தக் கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவள் ஞாபகம் வந்தாள். அந்த நேரம் பார்த்து ஹார்ன் நின்றது. வயல் முழுக்க மழைச் சத்தம் மட்டும். ஹார்ன் அடித்தபோது இல்லாத பயம் அது நின்றபோது வந்தது. திரும்பிப் பார்க்கவே தைரியம் வரவில்லை. பார்த்தேன்.

அவள் ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் மண்வெட்டியோடு ஒரு விவசாயி. பானெட் திறந்திருந்தது.

நடந்ததைப் பிறகு அவள் சொல்லித் தெரிந்துகொண்டேன். என் பக்கமாக இறங்கலாம் என்றால் புகை அந்தப் பக்கம்தான். அவள் பெட்டியிலிருந்து கண்ணாடிப் பிடியை எடுத்துச் சொருகி, சுற்றி இறக்கி, கையை வெளியே விட்டுத் தானே கதவைத் திறந்திருக்கிறாள். சத்தம் கேட்டு வயலிலிருந்து ஓடிவந்தவரிடம், என் தினசரிப் புலம்பலில் கேட்டிருந்த கறுப்பு ஒயரைக் காட்டி, அதைப் பிடுங்குங்கள் என்றிருக்கிறாள். தினம் காலையில் நான் ஆட்டி ஆட்டி லூசாக்கிய ஒயர் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. இரண்டு வருஷத்தில் நான் அந்தக் காருக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

இதெல்லாம் தெரியாமல் நான் வாய்க்கால் கரையில் நின்று யோசித்தேன். உயிர் வந்துவிட்டது, உயிரோடு சேர்ந்து மானமும் வந்துவிட்டது. வெறுங்கையோடு போனால் ஓடினவன். தண்ணீரோடு போனால் தண்ணீருக்குப் போனவன். குடையை விரித்து, தலைகீழாகத் திருப்பி, வாய்க்காலில் முக்கித் தூக்கிக்கொண்டு நடந்தேன். பாதி வழியிலேயே முக்கால்வாசி ஒழுகிவிட்டது.

"எங்கய்யா போனீங்க, அம்மாவ உள்ள வச்சிட்டு?" என்றார் அந்த மனிதர்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள்: "தண்ணி கொண்டாரப் போனாங்க."

அவர் குடையைப் பார்த்தார், அதன் அடியிலிருந்து சொட்டுவதைப் பார்த்தார், என் செருப்பில்லாத காலைப் பார்த்தார். ஒயர் தீய்ந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மண்ணைத்தான் போட வேண்டும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தோம். மழை வலுத்தது. குடையை நிமிர்த்தி அவள் தலைக்கு மேல் பிடித்தேன். உள்ளே மிச்சமிருந்த சேறும் பாசியும் அவள் மேல் விழுந்தன. துடைத்துக்கொண்டே நடந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லுங்க. நான் உள்ள இருக்கேன்னு ஞாபகமே வரலையா?"

என்னிடம் பதில்கள் தயாராக இருந்தன. மூன்றோ நாலோ, எல்லாமே சிரிக்கவைக்கக் கூடியவை. பத்து வருஷக் கல்யாணத்தில் எல்லாச் சிக்கலிலிருந்தும் அப்படித்தான் தப்பித்திருக்கிறேன். அவள் முகத்தில் இன்னும் பாசி ஒட்டியிருந்தது.

"வரல" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பஸ் நிற்கும் இடம் கண்ணில் பட்டது. பிறகு, "குடைய எங்க புடிக்கிறீங்க, எம் பக்கம் புடிங்க" என்றாள். இன்னும் கொஞ்சம் நடந்து, "மொதல்ல அந்தக் கதவ சரி பண்ணுங்க" என்றாள்.

கதவுக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங் அறுந்திருந்தது, விரல் நீளம்கூட இல்லை. மெக்கானிக் அதை மாற்றி முடித்தபோது அவருக்கு வாங்கிக்கொடுத்த டீ ஆறியிருக்கவில்லை. கருகிய ஒயர்களையும் மாற்றி, சரியான ஃபியூஸ் போட்டார். என் வெள்ளித்தாளை எடுத்து என் சட்டைப் பையிலேயே வைத்தார்.

தெருவில் கதை வேறு மாதிரி பரவியிருந்தது. மனைவியைக் காப்பாற்றக் குடையில் தண்ணீர் மொண்டு ஓடிவந்த கணவன். பரப்பியவள் அவளேதான்.

சொல்தாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. அவள் தானே கதவைத் திறந்து இறங்குவதை நாலைந்து நாள் பார்த்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மதாமோடு ஏதாவது மனத்தாங்கலா என்று கவலையோடு விசாரித்தார். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. கைப்பிடியிலிருந்து குடை வரைக்கும், மீன் மார்க்கெட்டில் கேட்ட 'கள்ளன்' உட்பட, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் மீசையைத் தடவிவிட்டுக்கொண்டார்.

"அப்ப தெருக்காரங்க காதுல சரியாத்தான் உழுந்திருக்கு" என்றார்.

அந்தக் கார் இப்போது இல்லை. ஆனால் இன்றைக்கும் யார் காரில் ஏறினாலும், கிளம்புவதற்கு முன் என் மனைவி உள்ளேயிருந்து ஒருதரம் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்துவாள். டிரைவர்கள் சரியாகச் சாத்தவில்லையோ என்று திரும்பிப் பார்ப்பார்கள். பழக்கம் என்பாள். அந்த நேரத்தில் நான் என் பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன்.